ஒரு நூல்

“உங்க அரம் பாஸ்டர்டா, ஸ்மூத்தா சார்?”

அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம், வார்டு கட்டிலில் உட்கார்ந்தபடி இப்படிக் கேட்டவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வசவில்லை. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்குத் தெரியும்: அரத்தின் பல் நெருக்கத்தை வைத்து ரஃப், பாஸ்டர்டு, செகண்ட் கட், ஸ்மூத் என்று வரிசை உண்டு. மூக்குத்தண்டின் மேட்டை எப்படி எடுப்போம் என்று விளக்கப் போய், அரம் போட்டு ராவுவோம் என்று சொல்லியிருந்தேன். அந்த இடத்தில் மற்றவர்களுக்கு முகம் சுருங்கும். இவர் காலை மடக்கிக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார்.

எங்களிடமும் கரடு, நடுத்தரம், நைஸ் என்று இருக்கிறது என்றேன். ஒரு வித்தியாசம் உண்டு. பட்டறை அரம் தள்ளும்போது தின்னும். எங்களுடையது பெரும்பாலும் இழுக்கும்போது தின்னும். தள்ளுகிற திசையில் கண்ணும் நெற்றியும் இருப்பதால் எங்களுக்கு அதுதான் நிம்மதி.

“எவ்ளோ எடுப்பீங்க?”

“மூணு மில்லிமீட்டர் இருக்கும்.”

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காற்றை அளந்து பார்த்துவிட்டு, “ஒரு நூலு,” என்றார்.

தச்சரும் கொத்தனாரும் ஃபிட்டரும் புழங்குகிற நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மில்லிமீட்டர் சொச்சம். அன்றிலிருந்து நானும் தியேட்டரில் அந்தக் கணக்கில்தான் பேசுகிறேன். அரை நூல் எடுத்தாச்சு, இன்னும் கால் நூல். புதிதாக வரும் மயக்க மருந்து டாக்டர்கள் விழிப்பார்கள். சிஸ்டர்களுக்குப் பழகிவிட்டது.

அவருடைய குறை அழகு சம்பந்தப்பட்டதே இல்லை. பல வருடங்களுக்கு முன் செயின் பிளாக்கின் கொக்கி ஆடி வந்து முகத்தில் அறைந்தது. ரத்தம் நின்றதும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எலும்பு கோணலாகக் கூடி மேடு தட்டிவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கண்ணாடி போட வேண்டி வந்தபோதுதான் தொல்லை. கண்ணாடி அந்த மேட்டில் ஏறி உட்கார்ந்து இடப்பக்கம் சரிந்தது. “வெர்னியர்ல ரீடிங் பாக்குறப்போ தலையைச் சாய்ச்சுக்கினே நிக்கிறேன் சார். பசங்க சிரிக்கிறாங்க.”

நான் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தது ஸ்டான்லியில். பழைய ராயபுரத்துக்காரர்கள் இன்னும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியாக ஒட்டிக்கொண்ட பெயர். அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் முதலில் கை. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவைப் பிரிவு அது. தண்டையார்ப்பேட்டையிலிருந்து மணலி வரைக்கும் பிரஸ் மெஷினுக்கும் ரோலருக்கும் விரல் கொடுத்தவர்கள் வந்து சேரும் இடம். ராத்திரி இரண்டு மணிக்குத் துண்டான விரலைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த வரிசைக்கு நடுவில் ஒருவர் மூக்கு மேட்டைச் சரி செய்யச் சொல்லி நின்றால் அவருக்கும் கூச்சம், எங்களுக்கும் கூச்சம். ஆசிரியர் ஒருவர் மட்டும் அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டார். “கையைப் பாக்கெட்ல வெச்சுக்கலாம். மூக்கை எங்கப்பா வெச்சுக்கிறது?” என்பார்.

படிப்பு முடிந்து திருவொற்றியூரில் உட்கார்ந்தபோது அந்தக் கேள்வியோடு வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். தெற்கே நுங்கம்பாக்கத்திலும் அண்ணா நகரிலும் இருக்கும் நண்பர்களிடம் பிறவியிலேயே மேடான மூக்குகள் போகும். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் அடிபட்ட மூக்கு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் புகுந்து வந்தவர்கள், படகு மேடையில் வழுக்கி விழுந்தவர்கள், கல்யாண வீட்டில் ‘சும்மா பேசிக்கிட்டிருந்தவர்கள்’. மூக்கெலும்பு முறிந்தால் பெரியவர்களுக்கு ஏழு முதல் பத்து நாளைக்குள் தூக்கி நேராக வைத்துவிடலாம், கால் மணி நேர வேலை. அதைத் தாண்டினால் எலும்பு அது இருக்கும் இடத்திலேயே கூடத் தொடங்கிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் பொறுத்திருந்து, உளியால் திரும்ப உடைத்துத்தான் சரி செய்ய வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பத்து நாளை வீக்கம் வற்றட்டும் என்று பத்து போட்டே கழித்துவிடுவார்கள். கை கால் முறிந்தால் தெருவுக்குத் தெரு புத்தூர் கட்டு போர்டு தொங்குகிறது. மூக்குக்குக் கட்டுப் போட ஆள் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடிபட்ட பிறகு மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடுச்சுவருக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். சில நாள் அப்படியே இருந்தால் குருத்தெலும்பு செத்துக் கரைந்து, மூக்கு நடுவில் குழிந்துவிடும். மேட்டை இறக்குவதைவிடப் பள்ளத்தை நிரப்புவது பல மடங்கு பாடு.

வடசென்னை மூக்கு என்றால் குத்துச்சண்டையைச் சொல்லாமல் முடியாது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பேட்டைக்குப் பேட்டை கையுறை மாட்டிய ஊர். சார்பட்டாவை வைத்துச் சினிமாப் படம் வந்த பிறகு ஊருக்கெல்லாம் தெரிந்தது. எனக்கு மூக்குகள் வழியாக முன்பே தெரியும். ராயபுரத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்ததை நேற்று நடந்ததுபோல் சொல்லுவார். அவர் மூக்குத்தண்டு நடுவில் புடைத்து, கீழே போய் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ராத்திரி மூச்சு விட முடியவில்லை என்பதுதான் வந்த காரணம். உள்ளே நடுச்சுவர் மடங்கிக் கிடந்தது. அதை நிமிர்த்தும்போதே வெளிமேட்டையும் எடுத்துவிடலாம் என்றேன்.

“மேட்டுல கைய வெக்காத தம்பி.”

“ஏன்யா, ஒரே மயக்கத்துல முடிஞ்சிடும்.”

“அத்த எடுத்துட்டா நான் சண்ட போட்டேன்னு எவன் நம்புவான்?”

மேட்டைத் தொடவில்லை. மூச்சை மட்டும் திறந்துவிட்டேன். வளைந்த சுவரை நிமிர்த்தும்போது வெளித்தோற்றம் மாறாமல் பார்த்துக்கொள்வது, மாற்றுவதைவிடக் கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

இந்த அறுவையைப் பெரிதாக வளர்த்தவரும் முகத்தில் தழும்போடு வாழ்ந்தவர்தான். பெர்லின் மருத்துவர் ஜாக் ஜோசப். மாணவப் பருவத்தில் வாள்சண்டையில் வாங்கிய தழும்பு. அந்தக் காலத்து ஜெர்மன் மாணவர்களுக்கு அது கௌரவம், நம் பரம்பரைக்காரர்களுக்கு மூக்கு மாதிரி. ஒரு சிறுவனின் விடைத்த காதுகளைச் சரி செய்ததற்காக 1896-ல் அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். 1898-ல், பெரிய மூக்கினால் வெளியில் தலைகாட்டவே கூச்சப்பட்ட ஓர் இளைஞருக்கு மூக்கைச் சிறிதாக்கி அதை மருத்துவச் சங்கத்தில் எடுத்துச் சொன்னார். உடம்புக்கு நோயில்லாதபோது கத்தி எடுக்கலாமா என்ற கேள்விக்கு, மனத்தின் வலியும் வலிதான் என்பது அவர் கட்சி. அவருக்கு முன்பே அமெரிக்காவில் ஜான் ரோ என்பவர் 1891-ல் மூக்கின் உள்வழியாகவே மேட்டை இறக்கியிருந்தார். ஆனால் எங்கள் தட்டில் இன்றைக்கும் ஜோசப் கத்தி, ஜோசப் எலவேட்டர் என்றுதான் கேட்டு வாங்குகிறோம்.

மூக்கை ஒட்டவைக்கும் வித்தை இங்கிருந்து போனது என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். திப்பு படையிடம் பிடிபட்டு மூக்கை இழந்த மாட்டுவண்டிக்காரர் கவஸ்ஜியின் நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்ததை 1794-ல் லண்டன் பத்திரிகையொன்றில் படித்துத்தான் வெள்ளைக்கார மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள். அது இல்லாத மூக்கைச் செய்வது. இருக்கிற மூக்கில் ஒரு நூல் குறைப்பது வேறு சாதி வேலை. மூக்கறுபட்ட மனிதருக்கு எது செய்தாலும் லாபம். மேடு குறைக்க வருபவர் கையில் ஏற்கெனவே வேலை செய்கிற மூக்கு ஒன்று இருக்கிறது.

அதனால் முதலில் மேடு உண்மையிலேயே மேடுதானா என்று பார்ப்பேன். புருவ நடுவில் மூக்கு தொடங்கும் இடம் தாழ்ந்திருந்தால் நடுப்பகுதி உயர்ந்ததாகத் தோன்றும். நுனி தொங்கினாலும் அப்படியே. முகவாய் உள்ளடங்கியிருந்தால் எந்த மூக்கும் பெரிய மூக்குதான். செல்ஃபியை நீட்டுபவர்களிடம் அதை மூடி வைக்கச் சொல்லுவேன். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கின் அகலம் உள்ளதைவிடச் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018-ல் அமெரிக்காவில் கணக்குப் போட்டே காட்டினார்கள். கைபேசி வேண்டாம், பழைய போட்டோ கொண்டு வாருங்கள் என்பேன்.

அப்படிச் சொன்னதற்கு ஒரு பெண் மாலை போட்ட படத்தைச் சட்டத்தோடு மஞ்சள் பையில் கொண்டுவந்தார். காசிமேட்டுக் குடும்பம். வீட்டில் இருந்த ஒரே பழைய படம் அதுதான். இறந்துபோன அப்பா, மடியில் இவர், மூன்று வயது. அப்பாவின் மூக்கில் அதே மேடு, அளந்து வைத்தது மாதிரி. நான் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“ஒரே மூக்குதாம்மா,” என்றேன்.

“அவருக்கு மீசை இருந்துச்சு சார். மறைச்சுக்கிச்சு.”

அம்மாவுக்குக் கவலை வேறு. பெண் பார்க்க வருகிறவர்கள் கிளிமூக்கு என்கிறார்களாம். பெண்ணுக்கோ மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அக்கறையில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பக்கவாட்டில் எடுத்த குரூப் போட்டோதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு சிட்டிங் பேசி, அவர் கேட்பதுதான் அது என்று உறுதியான பிறகு ஒப்புக்கொண்டேன். கடைசியில் தகராறு மூக்குத்தியில் வந்தது. மின்சாரக் கருவி வைத்து ரத்தக் குழாயைச் சுடும்போது உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது, கழற்ற வேண்டும். கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்று அம்மா மறுத்துவிட்டார். வீட்டில் வேப்பங்குச்சி செருகுவார்களே, அதுபோல் நாங்களும் ஒன்று செய்வோம் என்று சொல்லி, தையல் போடும் நைலான் இழையைத் துளைக்குள் நுழைத்து வளையமாக முடிந்து காட்டினேன். இழையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

தியேட்டருக்குள் நடப்பது இதுதான். வாய்வழியாகப் போட்ட குழாயைக் கீழுதட்டின் நடுவில் ஒட்டுவோம், ஓரத்தில் ஒட்டினால் உதடு இழுபட்டு மூக்கு கோணலாகத் தெரியும். அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நிற்போம். மூக்கு வெளுத்து மெழுகு மாதிரி ஆகும். அவசரக்காரர்கள் இந்தக் கால் மணியைத்தான் திருடுவார்கள், பிறகு ரத்தத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் தூணில் சின்னக் கீறல், தோலை மேலே உரித்துத் தூக்கினால் மூக்கின் கூரை தெரியும். மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. மேடு என்று நாம் தடவிப் பார்ப்பதில் பெரும்பகுதி குருத்தெலும்பு, மேலே எலும்பு மெல்லிய தொப்பி போல் கவிந்திருக்கும்.

குருத்தெலும்பைக் கத்தியால் சீவி, எலும்பை அரத்தால் ராவி, ஈரக் கையுறை விரலால் தோலின் மேல் தடவிப் பார்ப்போம். கண் ஏமாற்றும், வீக்கம் இருக்கும். விரலுக்கு மணல் அளவு பிசிறும் தட்டும். மேட்டை எடுத்ததும் கூரை பிரிந்த வீடு மாதிரி நடுவில் திறப்பு விழுந்துவிடும். அதை மூட, பக்கச் சுவர்களை அடியில் சன்ன உளியால் உடைத்து உள்ளே சாய்க்க வேண்டும். உளியை நான் பிடிப்பேன், சுத்தியல் சிஸ்டர் கையில். இரண்டு இரண்டாகத் தட்டுவார். டக்-டக். டக்-டக். மெல்லிய எலும்பில் போகும்போது ஒரு சத்தம், நெற்றியருகே கெட்டி எலும்பில் முட்டும்போது அது கனத்துவிடும். அங்கே நிறுத்த வேண்டும். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் அணைக்கச் சொல்லுவேன்.

எங்கே நிறுத்துவது என்பதைத் தப்பு செய்துதான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர். துறைமுக வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தார். மேட்டை ஸ்கேல் வைத்தாற்போல் எடுத்துவிட்டேன். கட்டுப் பிரித்த அன்று பக்கவாட்டுப் படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டினேன். எட்டு மாதம் கழித்து அவரே வந்தார். வீக்கம் வற்றியதும் எலும்பு முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் தோல் உள்ளே இழுபட்டு, கவிழ்த்த ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி நிழல் விழுந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் லேசான குழிவு.

“கண்ணாடியில பாத்தா பரவால்ல சார். படுத்தா மூச்சுதான் வரல.”

அன்றைக்கு அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. தப்பு இரண்டு. ஒன்று, மேட்டோடு சேர்த்து, நடுப்பகுதியின் பக்கக் குருத்தெலும்புகள் நடுச்சுவரோடு இணையும் இடத்தையும் வெட்டிவிட்டு, திரும்பத் தாங்கு கொடுக்காமல் விட்டேன். அவை உள்ளே சரிந்து காற்றின் வழியை நெருக்கிவிட்டன. இன்னொன்று, மூக்குத் தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில்லை என்பதை மறந்தேன். மேலேயும் நுனிக்கு மேலும் தடிமன், எலும்பும் குருத்தெலும்பும் சேரும் நடு இடத்தில் மிக மெல்லிசு. உள்ளே நூல் பிடித்தாற்போல் நேராக்கினால் வெளியே குழியாகத் தெரியும். வெளியே நேராகத் தெரிய வேண்டுமானால் உள்ளே கொஞ்சம் மேடு இருந்தே ஆக வேண்டும்.

அவருடைய நடுச்சுவரிலிருந்தே குருத்தெலும்பு எடுத்து, தீக்குச்சியைச் சீவியது போல் இரண்டு பட்டை செய்து, சுவருக்கு இருபுறமும் ஆப்பு வைத்துத் தைத்தேன். மூச்சு வந்தது. குழிவு முக்கால்வாசி நிரம்பியது. என் கூலியை வாங்கவில்லை. அதற்குப் பிறகு மேட்டை எடுத்த எந்த மூக்கையும் நடுப்பகுதிக்கு முட்டுக் கொடுக்காமல் நான் மூடியதில்லை.

இப்போது இளைய மருத்துவர்கள் கூரையைப் பிரிப்பதே வேண்டாம் என்கிறார்கள். அடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துவிட்டு மூக்கை மொத்தமாகக் கீழே இறக்குவது. வடசென்னைக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: ரோடு உயர்ந்துபோனதால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே, அதைத் தலைகீழாகச் செய்வது. புதுசு என்கிறார்கள். குடேல் 1899-லும் லோத்ரப் 1914-லும் எழுதி வைத்தது, கடந்த பத்தாண்டுகளில் திரும்ப வந்திருக்கிறது. பிறவி மேட்டுக்கு நல்ல வழி. கொக்கி அடித்த மூக்குக்கு நான் இன்னும் அரத்தைத்தான் நம்புகிறேன்.

ஊரின் காற்றும் இதில் சேர்ந்துகொள்ளும். நிலக்கரியும் இரும்புத் தாதுவும் 2011-ல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர்ப் பக்கம் போகும்வரை, ராயபுரத்து மூக்குகளைத் திறந்தால் உள்ளே கரிப்பொருக்கு. இப்போது அத்திப்பட்டு, எண்ணூர் மூக்குகளில் அதைப் பார்க்கிறேன். உப்புத்தண்ணீர் விட்டு இரண்டு வாரம் கழுவச் சொல்லிவிட்டுத்தான் தேதியே கொடுப்பது.

ஃபிட்டருக்கு அறுவை முடிந்து மாவுக்கட்டு ஒரு வாரம். கண்ணைச் சுற்றி இரண்டு பக்கமும் கன்றிப்போய், பார்க்க வந்த அவர் மனைவி, “அடிச்சு அனுப்பிட்டீங்களா டாக்டர்?” என்றார். ஆறு வாரம் மூக்கின் மேல் கண்ணாடி படக்கூடாது. கண்ணாடியைப் பிளாஸ்திரியால் நெற்றியில் ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். முழு வீக்கமும் வற்ற ஒரு வருடம் ஆகும் என்று சொல்லியிருந்தேன். சரியாக ஒரு வருடம் கழித்து வந்தார்.

உட்கார்ந்ததும் கண்ணை மூடி, புருவ நடுவிலிருந்து நுனி வரை கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். பட்டறையில் ராவி முடித்த தகட்டைத் தடவிப் பார்க்கும் அதே விரல். நடுவில் நின்றது.

“இங்க லேசா உப்பலா இருக்கு சார். கால் நூல் விட்டுட்டீங்க.”

“விட்டுத்தான் வெச்சிருக்கேன்.”

“ஃபினிஷிங் அலவன்ஸா?”

சிரித்துவிட்டேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் உதறிப் பார்த்தார். கண்ணாடி நகரவில்லை.

“மட்டமா நிக்குது. அந்தக் கால் நூல் இல்லேன்னா கீழ வழுக்கிக்கினே இருந்திருக்கும்.”

அதை நான் யோசித்திருக்கவில்லை.